அண்ணா ஏழு, நான் பூஜ்யம்

எங்கள் வீட்டில் எதையும் பேசித் தீர்க்கும் வழக்கம் கிடையாது. காசு போட்டுத் தீர்ப்போம். ஸ்ரீராம்புரத்தில் ஒன்றரை அறை வீட்டில் அப்பா, அம்மா, அத்தை, நான் என்று நாலு பேர். பேச ஆரம்பித்தால் தெரு முனை வரைக்கும் கேட்கும் என்பதால்தான் அப்பா இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தார் என்று அம்மா சொல்வாள். டிவியில் எந்தச் சேனல், காவிரித் தண்ணீர் விடுகிற நாளில் யார் விடிகாலையில் எழுந்து குடம் பிடிப்பது, கோழியா மீனா, எல்லாவற்றுக்கும் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய இரண்டு ரூபாய்க் காசு இருந்தது. பால்காரருக்குச் சில்லறை இல்லாமல் போனாலும் அதைத் தொடக் கூடாது.

சுண்டுவது எப்போதும் அப்பாதான். பெண்களுக்குப் பூ, ஆண்களுக்குத் தலை. இந்தச் சட்டத்தை இயற்றியது யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நாட்டில் வேறெந்தச் சட்டத்தையும்விட எங்கள் வீட்டில் அது ஒழுங்காக அமலில் இருந்தது. சிங்கம் இருக்கிற பக்கம் தலை, எண் இருக்கிற பக்கம் பூ. அப்பா காசைச் சுண்டி வலது உள்ளங்கையில் பிடிப்பார். இடது புறங்கைமேல் அறைந்து வைப்பார். மெதுவாகக் கையை எடுத்து, "ஆச்சு, காசு சொல்லிடுச்சு" என்பார். அதற்கு மேல் யாரும் மூச்சு விடக் கூடாது.

அப்பாவின் அரசாங்க வேலையே காசு போட்டு வந்ததுதான். தாத்தா ஓர் அரசு அலுவலகத்தில் பியூனாக இருந்தவர், வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். அப்படி இறந்தவரின் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை கொடுப்பார்கள், ஒருவருக்கு மட்டும். தாத்தாவுக்குப் பிள்ளைகள் இரண்டு. அப்பாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது, எஸ்.எஸ்.எல்.சி.யை மூன்றாவது முயற்சியில் தாண்டியிருந்தார். அவருடைய தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு, பத்தொன்பது, பி.யு.சி.யில் முதல் வகுப்பு. வேலை யாருக்கு என்று காசு போட்டார்கள். தலை விழுந்தது. இன்னொரு தடவை போடு என்று அத்தை கேட்டாள். அப்பா பெருந்தன்மையாகப் போட்டார். மறுபடியும் தலை. இப்படி மொத்தம் ஏழு தடவை போட்டார்களாம், ஏழு தடவையும் தலை. எட்டாவது தடவை அத்தையே கேட்கவில்லை. தனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும், ஆபீசில் கொடுத்த பொரிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே அப்பா இந்தக் கதையைச் சொல்வார். கடைசியில் "ஏழும் தலை, தெரியுமா?" என்று என் தலையில் ஒரு தட்டு தட்டுவார். அத்தை பொரியைக் கிண்ணங்களில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பாள். எனக்கு அந்தக் கதை மிகவும் பிடிக்கும். எங்கள் குடும்பத்துக்கென்று இருந்த ஒரே அதிசயம் அதுதான்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நான் மூன்றாவது படிக்கும்போது, ஒருநாள் மாலை கரண்ட் போயிருந்த நேரத்தில், அப்பா எனக்கு ஒரு வித்தை காட்டினார். காசு உள்ளங்கையில் விழுந்ததும் கட்டைவிரலால் அதை லேசாகத் தடவ வேண்டும். சிங்கம் இருக்கிற பக்கம் சொரசொரப்பாக இருக்கும். தடவியதுமே எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால், புறங்கைமேல் வைப்பதற்குள் அதே விரலால் ஒரு புரட்டு. அவ்வளவுதான். மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எனக்குப் பழக்கிவிட்டார். "யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அப்பாவுக்கும் உனக்கும்தான்" என்றார். பள்ளிக்கூடத்தில் ஜன்னல் ஓர இடத்தை ஒரு வருஷம் முழுக்க நான் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தது இந்த வித்தையால்தான்.

அந்தக் கதையும் தெரியும், இந்த வித்தையும் தெரியும். இரண்டும் என் தலைக்குள் வேறு வேறு டப்பாவில் இருந்தன. படிக்கிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். முதல் மார்க் வாங்குகிற பெண், இரண்டையும் இரண்டையும் கூட்டத் தெரியாதா என்று கேட்கலாம். அப்பாவின் விஷயத்தில் எனக்குக் கூட்டல் வராது. நான் அப்பாவின் செல்லம்.

அத்தைக்குக் கல்யாணம் என்று ஒன்று நடந்து, ஒரு வருஷத்தில் முடிந்தும் போனது. அதன் பிறகு எங்களோடுதான் இருந்தாள். முதலில் கார்மெண்ட்ஸில் தையல், பிறகு ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியின் பேன்ட்ரியில் வேலை. மாடி மாடியாகக் காபி மெஷினுக்குப் பால் ஊற்றுவது, கோப்பை கழுவுவது, மீட்டிங் நடக்கிற அறைக்குத் தட்டில் பிஸ்கட் கொண்டுபோய் வைப்பது. நான் எட்டாவது படித்த வருஷம், அந்தக் கம்பெனியில் வேலை செய்கிற சில பிள்ளைகள் சேர்ந்து, பேன்ட்ரி ஆட்களுக்கும் செக்யூரிட்டி ஆட்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் இலவசமாகக் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினார்கள். மல்லேஸ்வரத்தில் ஒரு பள்ளிக்கூட அறையில் பன்னிரண்டு ஞாயிறு. பன்னிரண்டாவது ஞாயிறு பரீட்சை. தேறியவர்களை ஹெல்ப் டெஸ்க் வேலைக்குக் கூப்பிட்டுப் பேசுவார்கள். கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்று போன் பண்ணுகிறவர்களுக்குப் பதில் சொல்கிற வேலை அது. உட்கார்ந்து செய்கிற வேலை. அத்தைக்கு முட்டிவலி ஆரம்பித்திருந்த சமயம்.

கம்பெனியில் ஒதுக்கிப் போட்ட ஒரு பழைய லேப்டாப்பை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். சார்ஜர் ஒயரை ஒரு தினுசாக வளைத்துப் பிடித்தால்தான் உயிர் வரும். அதில் பைதான் என்கிற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டாள். முதல் ஆறு ஞாயிறும், திருவிழாவுக்குப் போகிறவள் மாதிரி தலைக்குப் பூ வைத்துக்கொண்டு கிளம்பிப் போனாள். வந்ததும் நோட்டை விரித்து எனக்குப் பாடம் எடுப்பாள். எனக்குப் பள்ளிக்கூடத்திலும் அப்போதுதான் அதை ஆரம்பித்திருந்தார்கள். நான் அவளுடைய நோட்டையும் படித்து என்னுடைய புத்தகத்தையும் படித்து, இரண்டே வாரத்தில் அவளைத் தாண்டிப் போய்விட்டேன். அதை அவளுக்கு நினைவுபடுத்தவும் தவறவில்லை. முந்திரிக்கொட்டை என்று அம்மா என்னைத் திட்டுவது சும்மா இல்லை.

ஆறாவது வகுப்பு முடிந்த வாரம் அம்மா மாடிப்படி ஈரத்தில் வழுக்கி விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு, காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்றார் டாக்டர். பாத்ரூமுக்குக்கூட ஒருவர் தூக்கித்தான் அழைத்துப் போக வேண்டும். எனக்கு அந்தத் தெம்பு போதாது. மற்ற நாட்களில் அடுத்த வீட்டு ஆன்ட்டி வந்து பார்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் காலையிலேயே பஸ் பிடித்து விவேக் நகர் கோயிலுக்குப் போய்விடுவார், திரும்பி வரச் சாயங்காலம் ஆகும். ஆகவே ஞாயிறு அன்று அப்பாவோ அத்தையோ, யாராவது ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். அத்தைக்கு வகுப்பு. அப்பாவுக்கு, பின் தெருச் சங்கத்து அறையில் கேரம்.

பெண்டாட்டியைப் புருஷன் பார்த்துக்கொள்ளட்டும், நீ வகுப்புக்குப் போ என்று சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை. காசு இருந்தது. அப்பா போட்டார். தலை. அடுத்த ஞாயிறும் தலை. அதற்கு அடுத்த ஞாயிறும். அத்தை பூவைத் தலையிலிருந்து எடுத்து சாமி படத்துக்கு வைத்துவிட்டு அம்மாவுக்குக் கஞ்சி வைக்கப் போவாள். "பேஜார் பண்ணிக்காத மா, அடுத்த வாரம் பாக்கலாம்" என்று அப்பா செருப்பை மாட்டிக்கொள்வார். அப்பா காசை எடுக்கும்போதெல்லாம் அம்மா சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். கால் வலிக்கிறது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

வகுப்புக்குப் போகிற இன்னொரு பெண்ணிடம் நோட்டு வாங்கி வந்து அத்தை எழுதிக்கொள்வாள். வீட்டுப்பாடமாக, காசு சுண்டுகிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். எத்தனை தடவை சுண்ட வேண்டும் என்பது அவரவர் இஷ்டம். அத்தை ஏழு என்று வைத்துக்கொண்டாள்.

அவள் எழுதியதை முதன்முதலாகப் பார்த்தபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கம்ப்யூட்டரிடம் பூஜ்யமோ ஒன்றோ ஒரு எண் கேட்பது, பூஜ்யமானால் தலைக்கு ஒன்று கூட்டுவது, இல்லையானால் பூவுக்கு ஒன்று கூட்டுவது. ஆறு வரி. அந்த ஆறு வரியையே ஏழு தடவை, ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒரு எழுத்து பிசகாமல் எழுதி வைத்திருந்தாள். இதையே ஏழு தடவை செய் என்று சொல்ல 'ஃபார்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அது அவளுக்குத் தெரியவில்லை.

"நீ எதுக்குடீ சிரிக்கிற? ஓடுதில்ல?" என்றாள்.

"ஃபார் போட்டா ஒரே வரி அத்தை."

"அது சொல்லிக் குடுத்த அன்னைக்கு நான் போவலையே கண்ணு" என்றாள், சிரித்துக்கொண்டேதான்.

காசு போட்டுத் தோற்ற முதல் ஞாயிறு அது. அந்த நாற்பத்திரண்டு வரியும் அந்தக் காசு எழுதியதுதான் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அது வெறும் மோசமான புரோகிராம்.

இன்னொன்றும் கண்ணை உறுத்தியது. எண்ணிக்கை வைத்துக்கொள்கிற இடங்களுக்கு எங்கள் புத்தகத்தில் ஹெட்ஸ், டெயில்ஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். அத்தை ஆங்கில எழுத்தில் அண்ணா, நான் என்று வைத்திருந்தாள். தலை விழுந்தால் அண்ணாவுக்கு ஒன்று, பூ விழுந்தால் எனக்கு ஒன்று. ஓட்டினால் கடைசியில் 'அண்ணா 4 நான் 3' என்று வரும். ஏன் ஏழு தடவை என்று கேட்டேன். "சும்மனே" என்றாள்.

தினமும் வேலை முடிந்து வந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து அதை ஓட்டுவாள். வந்த விடையை நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிக்கொள்வாள். அண்ணா 5 நான் 2. அண்ணா 3 நான் 4. ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், தொண்ணூற்று மூன்று வரி இருந்தது. அண்ணா 6 நான் 1 என்று நாலைந்து இடத்தில் வந்திருந்தது. அண்ணா 7 நான் 0 என்று ஓரிடத்திலும் இல்லை. அத்தை ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, வெங்காயம் உரித்துக்கொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அந்த ஞாயித்துக்கெழம காசு கீசெல்லாம் கிடையாது. உங்கப்பாகிட்ட சொல்லிட்டு நான் பாட்டுக்குக் கிளம்பிடுவேன்."

அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. பரீட்சைக்குப் பயந்து என்னவோ பேசுகிறாள் என்று நினைத்தேன். உதவி செய்யலாம் என்று தோன்றியது.

"ஒண்ணொண்ணா ஓட்டி எப்போ முடிப்ப அத்தை? ஒரு லட்சம் தடவை போட வைக்கிறேன் பாரு, ஒரே நிமிஷம்" என்றேன்.

"லட்சம் எதுக்கு? எனக்கு ஏழு போதும்."

நான் காதில் வாங்கவில்லை. அடுத்த நாள் மாலை, அவள் அம்மாவுக்கு வெந்நீரில் துண்டை நனைத்து உடம்பு துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், லேப்டாப்பை எடுத்து வைத்துக்கொண்டேன். நாற்பத்திரண்டு வரியையும் அழித்தேன். 'ஃபார்' போட்டேன். ஒரு லட்சம் தடவை சுண்டச் சொன்னேன். அண்ணாவையும் நானையும் எடுத்துவிட்டு ஹெட்ஸ், டெயில்ஸ் என்று திருத்தினேன். அதோடு விட்டேனா? தொடர்ச்சியாக அதிகபட்சம் எத்தனை தடவை தலை விழுந்தது என்று கணக்குப் பார்க்கிற வரிகளையும், அத்தைக்கு அதுதானே பிடிக்கும் என்று, சேர்த்தேன். எல்லாம் சேர்த்துப் பதினோரு வரி. பழைய புரோகிராமின் பெயரிலேயே அதைச் சேமித்தேன். அத்தை எழுதியது போயிற்று. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அழுக்குச் சட்டையைக் கழற்றிவிட்டு நல்ல சட்டை போட்டுவிட்ட மாதிரி இருந்தது.

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்தாள். நான் ஓட்டிக் காட்டினேன். கண் மூடித் திறப்பதற்குள் விடை வந்துவிட்டது. அதிகபட்சத் தொடர்ச்சி பதினாறு.

"பதினாறா?" என்றாள்.

"தொடர்ந்து பதினாறு தடவை தலை அத்தை. நீ ஏழுக்கே அசந்துபோயிட்ட." மறுபடி ஓட்டினேன், பதினைந்து. மறுபடி, பதினேழு.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் கை வைக்காமலே, ஏமாற்றாமலே இப்படி விழுமா என்று கேட்டாள். ஏமாற்றக் கம்ப்யூட்டருக்கு என்ன தலையெழுத்து என்று நான் சிரித்தேன். போன தடவை என்ன விழுந்தது என்று காசுக்கு ஞாபகமே இருக்காது என்று, வாத்தியார் சொன்னதை நானே கண்டுபிடித்த மாதிரி விளக்கினேன். அத்தை லேப்டாப்பைப் பாதி மூடினாள். பிறகு இதைக் கேட்டாள்.

"நீ உங்கப்பா பக்கத்துலயே தான கண்ணு நிக்கிற. நீ சொல்லு. அது தானா விழறதுதானா?"

எனக்கு ஒரு கணம் விரல் குறுகுறுத்தது. மெழுகுவத்தி வெளிச்சம் ஞாபகத்துக்கு வந்தது. பொய் சொல்ல மாட்டேன், வந்தது. ஆனால் அது அப்பாவுக்கும் எனக்கும் மட்டுமான விளையாட்டு. அத்தை கேட்பதோ புரோகிராம் பற்றி. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"தானா விழறதுதான் அத்தை. வேணா பாரு" என்று லேப்டாப்பைத் திறந்து மறுபடியும் ஓட்டிக் காட்டினேன். பதினாறு.

அன்று அத்தை அப்பாவுக்குப் பிடித்த மைசூர் போண்டா போட்டாள். சட்னியும் அரைத்தாள். அப்பா சாப்பிடச் சாப்பிடத் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தாள். என்ன விசேஷம் என்று அப்பா கேட்டார். ஒன்றுமில்லை அண்ணா, சாப்பிடு என்றாள். இவ்வளவு வருஷமாக மனசுக்குள் அண்ணனைச் சந்தேகப்பட்டதற்கு அவள் செய்த பிராயச்சித்தம் அது. எனக்கு நாலு போண்டா கிடைத்தது. அது என் திறமைக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்துச் சாப்பிட்டேன்.

பரீட்சை அன்று காலையில் அத்தை நீலப் புடவை கட்டி, பூ வைத்து, லேப்டாப் பையைத் தோளில் மாட்டித் தயாராக இருந்தாள். அப்பாவுக்கும் அது தெரிந்திருக்கிறது. பல் விளக்கிவிட்டு வந்தவர், "இன்னைக்குப் பரீட்சைன்னியே மா?" என்றார். அந்தக் குரலில் ஒரு தயக்கம் இருந்தது. அவர் போகச் சொல்லித்தான் இருப்பார். இன்று நினைத்தால் அப்படித்தான் படுகிறது.

அத்தை சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்த காசைத் தானே எடுத்துவந்து அப்பா கையில் வைத்தாள்.

"இருக்கட்டும் அண்ணா. எல்லாருக்கும் ஒரே ரூல். போடு."

அப்பா சுண்டினார். காசு மேலே போய்ச் சுற்றிக்கொண்டு இறங்கியது. வலது உள்ளங்கையில் பிடித்தார். கட்டைவிரல் அசைந்தது. நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன், பார்த்தேன். வேண்டுமென்று செய்தாரா, இத்தனை வருஷப் பழக்கத்தில் விரல் தானாகச் செய்துவிட்டதா, எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் என் மனதில் வந்தது ஒன்றுதான். அப்பா எவ்வளவு சுத்தமாகச் செய்கிறார், எனக்கு இன்னும் இந்த அளவு வரவில்லையே என்பது. இதை எழுதும்போது எனக்கே கூசுகிறது.

தலை.

அப்பா கையை எடுத்துக் காசையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் சொல்கிற வாக்கியத்தைச் சொல்லவில்லை. "இன்னொரு தடவை போடலாமா மா?" என்றார். அப்பா வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"வேணாம் அண்ணா. காசு சொல்லிடுச்சு" என்றாள் அத்தை.

அவள் நீலப் புடவையை மாற்றிக்கொண்டு வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். அம்மா சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள், கஞ்சி வேண்டாம் என்றாள். அப்பா கேரம் ஆடப் போய் அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். உள்ளே வரவில்லை. மாடிப்படியில், அத்தை லேப்டாப் வைத்துக்கொண்டு உட்காரும் இடத்தில், மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வருஷம் மறுபடி வகுப்பு நடத்துவோம், அப்போது எழுதலாம் என்று வகுப்பு எடுத்த பிள்ளைகள் அத்தையிடம் சொல்லியிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் வேலை மாறிப் போனார்கள், வகுப்பும் நடக்கவில்லை. அத்தை மறுபடி மாடி மாடியாகக் காபி மெஷினுக்குப் பால் ஊற்றினாள். லேப்டாப்பை எனக்கே கொடுத்துவிட்டாள். "உனக்குத்தான் கண்ணு இது ராசி. எனக்கு எதுலயும் ராசி இல்ல" என்றாள். நான் வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. குதித்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன். அதில் படித்துத்தான் கல்லூரிக்குப் போனேன். இன்று நான் உட்கார்ந்து செய்கிற வேலை அந்த லேப்டாப்பிலிருந்து வந்ததுதான்.

கல்லூரியில் இரண்டாம் வருஷம், புள்ளியியல் வகுப்பில் ஒருநாள் இதே கணக்கு வந்தது. காசை ஏழு தடவை சுண்டினால் ஏழும் தலை விழுவது நூற்றிருபத்தெட்டில் ஒன்று. லட்சம் தடவை சுண்டினால் நடுவில் எங்காவது பதினாறு தலை தொடர்ச்சியாக வருவதில் ஆச்சரியமே இல்லை. இரண்டும் வேறு கேள்வி. அத்தை கேட்டது ஏழு. நான் சொன்னது லட்சம். வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொன்ன கதைதான். வேலைக்காக விழுந்த ஏழு தலை, அதற்குப் பிறகு அந்த ஆறு ஞாயிறும் விழுந்த ஆறு தலை. பதின்மூன்றையும் நோட்டின் ஓரத்தில் பெருக்கிப் பார்த்தேன். எட்டாயிரத்துச் சொச்சத்தில் ஒன்று. அத்தையின் நாற்பத்திரண்டு வரி அசட்டுப் புரோகிராம்தான் சரியான கேள்வியைச் சரியாகக் கேட்டிருக்கிறது. தொண்ணூற்று மூன்று தடவை பொறுமையாக ஓட்டி, விடைக்குக் கிட்டத்தட்ட வந்தும் விட்டிருந்தாள். நான் புகுந்து அதை ஒழுங்குபடுத்தினேன்.

வெகு நாள் வரைக்கும் என் தப்பு இந்தக் கணக்குத் தப்புதான் என்று நினைத்து வருந்திக்கொண்டிருந்தேன். கணக்குத் தப்பு என்றால் சொல்லித் திருத்திவிடலாம் அல்லவா? இரண்டு தடவை அத்தையிடம் சொல்லப் போயிருக்கிறேன். அத்தைக்கு இப்போது நரை விழுந்துவிட்டது, அப்பா ரிடையர் ஆகிவிட்டார், பண்டிகை நாட்களில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார்கள். ஏழு தலைக் கதையை அப்பா இப்போதெல்லாம் சொல்வதில்லை. அத்தை எனக்குக் காபி கலந்து கொண்டுவந்து கொடுப்பாள். குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

போன பொங்கலுக்கு அப்படிக் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்த மாலை முழுசாக ஞாபகத்துக்கு வந்தது. பதினாறு என்று பார்த்த பிறகு அத்தை லேப்டாப்பை ஏன் பாதி மூடினாள்? தொண்ணூற்று மூன்று வரி எழுதியவள், அண்ணன் கையைப் பத்தொன்பது வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவள், கட்டைவிரலைக் கவனிக்காமலா இருந்திருப்பாள்? அவளுக்குக் கணக்கு வேண்டியிருக்கவில்லை. அந்த வீட்டில் ஒரே ஒருத்தியாவது, ஆமாம் அத்தை, நானும் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். சொல்லியிருந்தால் அவள் காசைத் தொடாமல் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பாள். அதற்காகத்தான் லேப்டாப்பை மூடிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

பதின்மூன்று வயதில் எனக்கு அது புரியவில்லை. நான் லேப்டாப்பைத் திறந்து மறுபடியும் திரையைக் காட்டினேன்.